திரும்பிப் பார்க்காதவன்

முன்பெல்லாம் யுகேந்திரன் எந்த விருந்துக்குப் போனாலும் இலையில் விழுந்த ஜாங்கிரியைத் தொடமாட்டான். பக்கத்து இலைக்காரர் பார்க்காத நேரமாகப் பார்த்து அதைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வான். வீட்டுக்கு வந்து மகிழினியின் முன்னால் விரிப்பான். நசுங்கி, துணியோடு ஒட்டி, பாகு சட்டை வரைக்கும் ஊறிப்போய், பார்க்கச் சகிக்காது. "இதை மனுஷி திம்பாளா?" என்று சட்டைக்காகத் திட்டிக்கொண்டே அவள் தின்பாள். அவனுடைய நல்ல சட்டைகள் எல்லாவற்றிலும் இடது மார்புப் பக்கம் ஒரு மஞ்சள் கறை உண்டு. எந்த சோப்புக்கும் அது போனதில்லை.

நெறிமணி வைத்துக்கொண்ட மாதம் அது நின்றுபோனது.

அந்த மாதம் அவன் அலுவலகத்தில் யாருக்கோ பணி ஓய்வு விருந்து. வெறுங்கையோடு வந்தான். "ஜாங்கிரி போடலையா?" என்று கேட்டாள்.

"போட்டாங்க. வாசல்ல காவலுக்கு இருக்கறவர் காலையிலேர்ந்து சாப்பிடலைன்னார். அவருக்குக் குடுத்துட்டேன். உனக்கு வீட்டுல சாப்பாடு இருக்கு. அவருக்குத்தான் அதுல பலன் அதிகம்."

சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். ஒரு ஜாங்கிரிக்காகப் பசித்த மனிதரோடு போட்டி போடவா முடியும்? மகிழினி தனக்குச் சோற்றைப் போட்டுக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு ராத்திரி பீரோவைத் திறந்து அந்தக் கறைச் சட்டைகளில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நெறிமணி என்பது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் வைக்கிற மிளகளவுப் பொருள். அது பேசாது, உத்தரவு போடாது. தனக்கு விதித்த ஒரே அறக்கொள்கையின் பக்கம் மனசைச் சாய்த்து வைத்திருக்கும், அவ்வளவுதான். பலன்மணி வைத்தவருக்கு எது அதிகம் பேருக்கு அதிக நன்மையோ அதுவே சரியென்று படும், வேறொன்றில் மனசு ஒட்டாது. கடமைமணி வைத்தவருக்குப் பொய் சொன்னால் குமட்டும். கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு சேர்த்து "மணி உண்டா? என்ன மணி?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடமைமணி வைத்த ஒரு மணப்பெண், சாப்பாடு எப்படி என்று கேட்ட மாப்பிள்ளையின் அத்தையிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, கல்யாணம் பந்தியிலேயே முறிந்த கதையும் அவர்கள் ஊரான துறைக்காட்டில் உண்டு.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். மணி வைக்கச் சொன்ன சட்டம் காரணம் இல்லாமல் வரவில்லை. அதற்கு முந்திய பெருவெள்ளத்தில் நிவாரணப் படகுகள் எந்தெந்தத் தெருவுக்கு முதலில் போயின என்று பிற்பாடு வரைபடம் போட்டுப் பார்த்தார்கள். அதிகாரியின் மாமியார் தெரு, அரசியல்வாதியின் தெரு, சொந்தச் சாதிக்காரர்களின் தெரு. மற்றத் தெருக்களுக்குப் படகு போனபோது ஏற்றிக்கொள்ள ஆளில்லை. எல்லாரும் வெட்கப்பட்டார்கள், அந்த வெட்கம் ஆறுவதற்குள் சட்டம் வந்தது. நிவாரணப் பொறுப்பில் இருக்கிறவர் பலன்மணி வைத்தாக வேண்டும். யுகேந்திரன் துறைக்காடு வட்டத்தின் நிவாரண அதிகாரி. அவனே மனசாரப் போய் வைத்துக்கொண்டான். மகிழினியும்தான் பெருமையோடு கூடப் போனாள். அப்போது அவளுக்கு என்ன தெரியும்?

அவன் கெட்டவனாகிவிட்டானா என்றால் அதுதான் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தான். எதிர்வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே கஞ்சி, அதே சூடு, "இப்ப எப்படி இருக்கு?" என்று அதே குரல். உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் மகிழினியும் ஒருத்தி. தூரதேசம் போன புருஷனுக்காக ஏங்குகிறேன் என்றால் ஊர் பாவப்படும். எதிரே உட்கார்ந்து ரசம் ஊற்றிச் சாப்பிடுகிற மனுஷனுக்காக ஏங்குகிறேன் என்று எவரிடம் போய்ச் சொல்வது?

ஆனாலும் பழகிக்கொண்டாள். கார்த்திகை வெள்ளம் வரைக்கும் பழகிக்கொண்டுதான் இருந்தாள்.

அது மூன்று வருஷத்துக்கு முன்னால். அவர்கள் குடியிருப்பின் முதல் மாடியைத் தண்ணீர் தொட்டுவிட்டது. எல்லாரும் மொட்டை மாடியில் மழையில் நின்றார்கள். மதியத்துக்கு மேல் ஆரஞ்சு நிறப் படகு ஒன்று தெருமுனையில் திரும்பியது. முன்னால் யுகேந்திரன் நின்றான். மகிழினிக்குப் போன உயிர் வந்தது. படகில் மூன்று பேருக்குத்தான் இடம் இருந்தது. நிறைமாதக்காரி ஒருத்தி, மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த ஒருவர், கைக்குழந்தையோடு ஒருத்தி. அவர்களைப் பார்த்துப் பார்த்துப் படகுக்குள் இறக்கினான். குழந்தையைக் கைமாற்றிக் கொடுத்தவள் மகிழினிதான். அவன் விரல் அவள் விரலில் பட்டது. "அடுத்த படகு வரும்" என்றான், எல்லாருக்கும் பொதுவாக. படகு கிளம்பியது. தெருமுனை வரைக்கும் அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த படகு வந்தது. அதில் அவன் இல்லை.

இடம் தராததில் அவளுக்கு வருத்தமே கிடையாது. அவள் அந்தப் படகில் இருந்திருந்தாலும் அந்த மூன்று பேரைத்தான் ஏற்றியிருப்பாள். ஆனால் திரும்பிப் பார்ப்பதற்குப் படகில் இடம் வேண்டாமே. யாருடைய பங்கும் அதனால் குறைந்திருக்காதே. இந்த ஒன்று மட்டும் அவளுக்கு ஆறவே இல்லை. பாத்திரம் தேய்க்கும்போதும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த முதுகு வந்து நின்றது.

அடுத்த வருஷம் அவனுக்குச் சர்க்கரை நோய் வந்தது. "இனிப்பையே தொடாத மனுஷனுக்கு இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று மகிழினி தலையில் கை வைத்துக்கொண்டு, காபிக்குக்கூடச் சர்க்கரை போடுவதை நிறுத்தினாள்.

நெறிமணிக்கு ஆயுள் உண்டு. அது முடிகிற சமயம், கூட வாழ்கிறவர் நேரில் வந்து சம்மதம் சொன்னால்தான் தொடரலாம். புதிதாக வைப்பதற்கும் அப்படித்தான். குடும்பங்கள் வழக்குமேல் வழக்குப் போட்டு வாங்கின உரிமை அது. சம்மதம் இல்லையென்றால் மணியை எடுத்துவிடுவார்கள், பதவியும் போகும், ஆனால் ஆள் திரும்பக் கிடைப்பார். யுகேந்திரனுக்கு இந்த வருஷம் அந்தச் சமயம் வந்தது. மகிழினி தேதி குறித்துக் கடிதம் வந்த நாளிலிருந்து ஒரே ஒரு வார்த்தையை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினாள். வேண்டாம். வேண்டாம் டாக்டர், எடுத்துடுங்க.

மணி மையத்தில் நல்ல கூட்டம். யுகேந்திரன் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்தான். மகிழினி பெஞ்சில் உட்கார்ந்து அந்த வார்த்தையை உருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். முப்பது வயசிருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை.

"அக்கா, நீங்க யுகேந்திரன் சார் வீட்டம்மாதான? வெள்ளத்துக்கப்புறம் கூட்டத்துல பார்த்தேன். எம்பேரு ஜெசிந்தா. முகத்துவாரத்துக்கிட்ட மணல்திட்டுல எங்க வீடு."

"இங்க எதுக்கு வந்திருக்கீங்க?"

"எங்க வீட்டுக்காரருக்குக் கடலோரக் காவல்ல வேலை கெடச்சிருக்கு. மணி வைக்கணுமாம். நான் சரின்னு சொல்லணுமாம்." அவள் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள். "எங்க சனம் பூரா வேணாம்னுச்சு. மணி வச்சா ஆளு கல்லாப் போயிருவான்னு. நான்தான் சொன்னேன், யுகேந்திரன் சாரைப் பாருங்க, அவரு கல்லா? அவரு மாதிரி ஆவட்டும்னுதான் வந்திருக்கேன்."

மகிழினி முழுசாக அவள் பக்கம் திரும்பினாள். "அவர் உங்களுக்கு என்ன பண்ணினார்?"

"உங்ககிட்ட சொல்லலயா? வெள்ளத்துக்கு மொத நாளு திட்டுக்கு வந்து, எல்லாரும் கிளம்புங்கன்னாரு. எங்க மாமியா சகாயமேரி கிளம்ப மாட்டேன்னுருச்சு. முன்ன வந்த பெருவெள்ளத்துல படகு வரும் வரும்னு நம்பி எங்க மாமனாரு போயிட்டாரு. அதுலேர்ந்து அதுக்கு ஆபீசர்னா நம்பிக்கை இல்ல. படகும் வராது பஸ்ஸும் வராது, நான் எங்கூட்டுலயே சாவுறேன்னுச்சு. சாரு சொல்லிச் சொல்லிப் பாத்தாரு. கடைசில, தண்ணி வந்தா நானே வர்றேன், பொழுது சாயறதுக்குள்ள வர்றேன்னாரு. கையடிச்சுக் குடுன்னுச்சு மாமியா. கையடிச்சுக் குடுத்தாரு. மறுநா பொழுது சாயறதுக்குள்ள வந்துட்டாருக்கா. கூரை மேல நாங்க நாலே பேரு. நாலு பேருக்காக அம்மாந் தண்ணில வந்தாரு. அடுத்த ஓட்டத்துல வந்திருந்தா நாங்க இல்ல."

மகிழினி கணக்குப் போட்டுப் பார்த்தாள். தன் மொட்டை மாடியிலிருந்து போன படகு, மூன்று பேரையும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இறக்கிவிட்டு, அங்கேயா போனது?

"நாலு பேரா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கையில் ஒரு கருவியோடு அந்த மையத்தின் டாக்டர் நஸ்ரின் நின்றிருந்தார். அடுத்த ஆளைக் கூப்பிட வந்தவர் அப்படியே நின்று கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. ஜெசிந்தா எழுந்து நின்று, "ஆமா டாக்டர், நாங்க நாலே பேரு" என்று மறுபடியும் பெருமையாகச் சொன்னாள்.

டாக்டர் ஜெசிந்தாவை உட்காரச் சொன்னார். மகிழினியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார்.

"அன்னிக்கு மாணவிகள் விடுதியில எத்தனை பேர் மாட்டிக்கிட்டாங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"நாப்பது பேருக்கு மேலன்னு சொன்னாங்க."

"விடுதி ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெரு. திட்டு ஊரோட அந்தக் கடைசி." டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "பலன்மணி வச்ச ஒருத்தர் நாப்பது பேரைத் தாண்டி நாலு பேர்கிட்டப் போகமாட்டார்மா. போகத் தோணவே தோணாது. வாக்குக் குடுத்தேங்கறது அதுக்கு ஒரு காரணமே இல்ல. அதெல்லாம் கடமைமணியோட பேச்சு."

"ரெண்டும் சேர்ந்த மணி கிடையாதா?"

"செஞ்சு பார்த்தாங்க. சோதனைக்கு வந்த ஒருத்தர் அவங்கம்மாவுக்குக் கான்சர்னு தெரிஞ்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னார். சொல்லுன்னு ஒண்ணு, சொல்லாதேன்னு இன்னொண்ணு. சாயங்காலம் வரைக்கும் அங்கயே நின்னார், காலை எடுத்து வைக்க முடியல. அதோட விட்டுட்டாங்க. ஒரு ஆளுக்கு ஒரு நெறின்னு முடிவாச்சு." டாக்டர் மேஜைமேல் இருந்த கருவியைத் தள்ளி வைத்தார். "எங்களுக்கு மட்டும் எதுவும் கிடையாது. எல்லா மணியையும் வைக்கிறவங்க எந்த மணியும் வைக்கக் கூடாதாம்."

யுகேந்திரன் உள்ளே வந்தான். கையில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தான். மகிழினியைப் பார்த்ததும் வழக்கம்போலப் பொதுவாக ஒரு புன்னகை. டாக்டர் கருவியை அவன் காதுக்குப் பின்னால் வைத்தார். எடுத்தார். துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"சார், உங்க மணி செத்துப்போச்சு" என்றார். "இன்னிக்கு நேத்து இல்ல. நாலு வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில நின்னிருக்கு. ஏதாவது ஷாக் அடிச்சுதா?"

நாலு வருஷத்துக்கு முந்தின ஐப்பசி. மகிழினிக்கு ஞாபகம் இருந்தது. காற்றில் சாய்ந்த புளியமரத்தை அறுக்கும்போது மின்கம்பி அவன் தோளில் உரசித் தூக்கிப் போட்டது. ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தான். அதற்கு அடுத்த வருஷம்தான் வெள்ளம்.

அப்படியென்றால் படகில் வந்தது யார்? அவள் விரலில் விரல் பட்டும் திரும்பிப் பார்க்காமல் போன மனுஷன் யார்? இத்தனை நாள் மிளகளவுப் பொருள் ஒன்றின்மேல் பழியைப் போட்டு மனசைத் தேற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பழியும் இப்போது கையை விட்டுப் போனது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். "நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொல்லுங்க. தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ஜாங்கிரி போட்டாங்க. என்னையறியாம கைக்குட்டையை எடுத்துட்டேன்." அவன் குரல் உடைந்தது. அவள் அந்தக் குரலைக் கேட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. "தெருமுனை வரைக்கும் வந்துட்டேன் மகி. அப்புறம்தான் உறைச்சுது. இதை உன்கிட்டக் குடுத்தா உனக்குத் தெரிஞ்சுடும். டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால நின்னு நானே தின்னுட்டேன். ஒவ்வொரு விருந்துக்கும் அப்படித்தான்."

"அதான் சர்க்கரை" என்றார் டாக்டர், தன்னை மறந்து.

மகிழினிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு கேட்டாள். "எனக்குத் தெரிஞ்சா என்ன? நான் என்ன ஊரெல்லாம் தமுக்கா அடிப்பேன்?"

"நீ கேப்பே. கேக்காம யாரால இருக்க முடியும்? உன் தம்பிக்காக, எதிர்வீட்டுக்காக, நல்லதுக்குத்தான் கேப்பே. மணி இருக்குன்னு நினைச்சதால எங்கிட்ட ஒரு சிபாரிசு வரல. மணி போச்சுன்னு தெரிஞ்சா மறுநாளே வாசல்ல ஆள் நிப்பாங்க. எனக்கு என்னைத் தெரியும். நான் இளகிப் போயிடுவேன்."

"சரி. அன்னிக்கு ஏன் திரும்பிப் பார்க்கல?"

இத்தனை வருஷம் அவள் கேட்காத கேள்வி அது. டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"திரும்பிப் பார்த்திருந்தா படகைத் திருப்பியிருப்பேன்" என்றான் யுகேந்திரன்.

வெளியே பெயர் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"மாடியில நீ மழையில நிக்கறே. படகுல கர்ப்பிணி. திட்டுல கையடிச்சுக் குடுத்த வாக்கு. விடுதியில நாப்பது பிள்ளைங்க. மணி இருந்தா ஒரு நொடியில முடிவாயிருக்கும், விடுதிக்குன்னு. அன்னிக்கு ஒவ்வொண்ணும் சரின்னுதான் பட்டுது, ஒவ்வொண்ணும் தப்புன்னும் பட்டுது. திட்டுக்குப் போனேன். போன நேரத்துல விடுதியில ஒரு பொண்ணு படியில வழுக்கி விழுந்து கை உடைஞ்சு போச்சு. இன்னும் அது நேராகல. மாசா மாசம் போய்ப் பார்த்துட்டு வரேன். தண்ணி இன்னும் ஒரு முழம் ஏறியிருந்தா அந்த நாப்பது பேரும்..." அவன் முடிக்கவில்லை. "டாக்டர், புதுசா ஒண்ணு வச்சுடுங்க. மணி இருந்தப்ப நான் நிம்மதியாத் தூங்கினேன். இப்ப முடியல."

டாக்டர் திரும்பினார். "புது மணி வேணும்னாலும், மணியே வேண்டாம்னாலும் அம்மாதான் சொல்லணும். வேண்டாம்னா நீங்க பதவியில இருக்க முடியாது. புது மணியோட இன்னொருத்தர் வருவார்."

இன்னொருத்தர் வருவார். அவர் நாற்பதையும் நாலையும் பார்ப்பார், நாற்பதுக்குப் போவார். தப்பே சொல்ல முடியாது. கதவுக்கு அந்தப் பக்கம் ஜெசிந்தா உட்கார்ந்திருக்கிறாள். மகிழினி பழகி வைத்திருந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்து நின்றது. வேண்டாம் என்றால் இந்த மனுஷன் இன்றைக்கே அவளுக்கு முழுசாகக் கிடைப்பான். கறைச் சட்டையோடு, கைக்குட்டையோடு. புதுசு வையுங்கள் என்றால் அவன் தூங்குவான், இனி ஒருபோதும் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் நிற்கமாட்டான். அவளுக்கு அவன் வேண்டும். அவன் மட்டுமே வேண்டும். எத்தனை ஆசை என்றால், வெட்கத்தை விட்டு அந்த டாக்டர் முன்னாலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புதுசும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம்" என்றாள். "அந்தச் செத்த மணி அப்படியே இருக்கட்டும் டாக்டர். நான் எதுவும் கேட்க மாட்டேன். எந்தம்பிக்காகவும் கேட்க மாட்டேன், எனக்காகவும் கேட்க மாட்டேன்."

"இதை நான் மேலே சொல்லியாகணும்மா."

"சொல்லுங்க. சொல்றதுக்கு முன்னாடி வெளியில இருக்கற அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க."

டாக்டர் நஸ்ரின் அந்தக் கருவியைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு அதில் பதிந்திருந்ததை அழித்துவிட்டு, சம்மதத் தாளில் 'மணி தொடர்கிறது' என்று எழுதி, கருவியை மேஜை இழுப்பறைக்குள் வைத்தார்.

"எனக்கு எந்த மணியும் இல்ல. அதனால இது சரியா தப்பான்னு எனக்கும் தெரியல" என்றார். "போயிட்டு வாங்க. மனசு மாறுறதுக்குள்ள போங்க."

வீட்டுக்கு நடந்தே வந்தார்கள். தெருமுனையில் அந்த டிரான்ஸ்பார்மர். "இங்கதான்" என்றான் யுகேந்திரன், திருட்டுப் பிடிபட்டவன் முகத்தோடு. மகிழினிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இனிமே வீட்டுக்குக் கொண்டு வாங்க. கதவைச் சாத்திக்கிட்டுத் திங்கறேன். யாருக்குத் தெரியப் போகுது?"

அவன் சிரிக்கவில்லை. "வேண்டாம் மகி. இன்னிக்கு ஜாங்கிரி கொண்டு வந்தா நாளைக்குப் படகைக் கொண்டு வந்துடுவேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. இப்போதுதானே கிடைத்தான், அதற்குள்ளா? ஆனாலும் "சரி, கொண்டு வராதீங்க" என்றாள். எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். யுகேந்திரன் அவரைப் பார்த்துப் பொதுவாகப் புன்னகைத்தான். மகிழினியையும் அதே புன்னகையோடு பார்த்தான். வித்தியாசம் அவளுக்கு மட்டும் தெரிந்தது, அல்லது தெரிந்ததாக நினைத்துக்கொண்டாள்.

அடுத்த மாதம் வங்கக்கடலில் புயல் சின்னம். விடிந்ததிலிருந்து காற்று ஒரு மாதிரியாக இருந்தது. யுகேந்திரன் கூடத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது மகிழினியின் போன் அடித்தது. தம்பி தருண். வாய்க்கால் கரையோரத் தாழ்வான நகரில் குடியிருந்தான். குழந்தை பிறந்து சில மாதம்தான் ஆகியிருந்தது.

"அக்கா, வாய்க்கால் இப்பவே தளும்புது. மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லு. முதல் பஸ்ஸை எங்க பக்கம் அனுப்பச் சொல்லு. கைக்குழந்தைக்கா."

கூடத்தில் கயிறு கட்டுகிற கை நின்றுவிட்டது. அவன் நிமிரவில்லை, காத்திருந்தான். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருவருக்கும் தெரியும். அந்தக் குழந்தை ஆஸ்பத்திரியில் முதன்முதலாகக் கண் திறந்தபோது தூக்கி வைத்திருந்தது மகிழினிதான்.

"உங்க மாமாகிட்ட சொல்லி என்னடா பிரயோஜனம்?" என்றாள். "அவருக்குத்தான் மணி வச்சிருக்கே. நீ பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டு இருக்காதே. பாப்பாவைத் துண்டுல நல்லாச் சுத்தி எடுத்துக்கிட்டு இப்பவே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நட. இப்பவே. பேசிக்கிட்டு நிக்காதே."

"என்ன மனுஷங்களோ" என்று சொல்லிவிட்டுத் தருண் போனை வைத்தான்.

யுகேந்திரன் மிச்சக் கயிற்றைக் கட்டி முடித்தான். எழுந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு, "வரேன்" என்றான். படியிறங்கினான்.

மகிழினி வாசல்வரை வந்தாள். அவன் விறைப்பாக, தலையை அசைக்காமல் நடந்துபோவதைப் பார்த்தாள். தான் அங்கே நிற்கிற வரைக்கும் அவன் திரும்பமாட்டான் என்று புரிந்தது. உள்ளே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைச் சத்தமாகப் போட்டாள். பிறகு ஓடிப்போய்ச் சமையலறை ஜன்னலின் ஓரமாக, வெளியே தெரியாதபடி ஒதுங்கி நின்றாள்.

ஜீப்பில் ஏறப்போன யுகேந்திரன் நின்றான். திரும்பினான். சாத்தின கதவைப் பார்த்துக்கொண்டு மழையில் அப்படியே நின்றான். டிரைவர் ஹாரன் அடித்தார். இன்னொரு முறை அடித்தார். அவன் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தான். மகிழினி ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி முன்னால் வைக்காமல், அவன் பார்த்து முடிக்கிற வரைக்கும் நின்றாள்.